குளிர் நாட்டில் ஹைட்ரேஞ்சியா: நடுவது முதல் கவ்வாத்து வரை முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் பிறந்தால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இந்தக் கதைதான். "அக்கா, கடையிலையிருந்து கொண்டுவரேக்க பந்து பந்தாய்ப் பூத்துக் கிடந்தது. இப்ப வெறும் இலைதான் வருது. பசளை ஏதும் போடட்டோ?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "எப்ப வெட்டினனீங்கள்?"

"ஒக்ரோபரிலை. வளவு துப்புரவாக்கேக்க எல்லாத்தையும் ஒட்ட வெட்டிவிட்டனான்."

பசளையில் பிழை இல்லை. இந்த வருடம் பூக்கவேண்டிய மொட்டுகள் ஒக்ரோபரிலேயே குப்பைப் பைக்குள் போய்விட்டன. கனடாக் குளிரில் ஹைட்ரேஞ்சியா பூக்காமல் இருக்க இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும் இருக்கும்: மொட்டைக் குளிர் கொன்றிருக்கும், அல்லது நாம் வெட்டியிருப்போம். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள வளவுகளில் வேலை செய்து பழகியதை வைத்து இதை எழுதுகிறேன். ஒட்டாவா, மொன்றியல் பக்கத்தில் இருப்பவர்கள் நான் சொல்லும் வசந்த காலத் திகதிகளோடு ஒன்றிரண்டு கிழமை கூட்டிக்கொள்ளுங்கள். ஒழுங்கை மட்டும் மாற்றாதீர்கள்.

1. கத்தரிக்கோலைத் தொடுமுன் இனத்தைக் கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றையும் ஹைட்ரேஞ்சியா என்றே சொல்கிறோம். ஆனால் வெட்டும் காலம் இனத்துக்கு இனம் நேரெதிர். இரண்டு சொற்களை மனதில் வைத்தால் போதும்: பழங்கொப்பு, புதுக்கொப்பு.

பழங்கொப்பில் பூப்பவை போன வருடக் கோடை முடிவிலேயே மொட்டுக் கட்டிவிடும். அந்த மொட்டு வின்டர் முழுவதும் கொப்பிலேயே உயிரோடு இருந்தால்தான் அடுத்த வருடம் பூ. புதுக்கொப்பில் பூப்பவை வசந்தத்தில் துளிர்த்து, அந்தத் துளிரின் நுனியிலேயே அதே வருடம் பூக்கும். கொப்பு பாதி செத்தாலும் அவற்றுக்குப் பெரிய நட்டமில்லை.

இனி இலையையும் பூவையும் பாருங்கள்.

பூ கூம்பு வடிவில், வெள்ளையாக வந்து பிறகு இளஞ்சிவப்பாக மாறினால் அது பனிக்குலேற்றா. கணுவில் சில இடங்களில் மூன்று இலைகள் சேர்ந்து நிற்கும். லைம்லைட், பொபோ, குவிக் ஃபயர் எல்லாம் இந்த இனம். புதுக்கொப்பில் பூக்கும். குளிருக்கு ஆகவும் துணிந்தது இதுதான், வினிபெக்கிலும் வளர்கிறது.

வெள்ளைப் பந்து, மெல்லிய மினுக்கமில்லாத இலை, நிலத்திலிருந்து நிறைய ஒல்லித் தண்டுகள் என்றால் ஆர்போரெசன்ஸ். அனபெல் இதில் பெயர்போனது. இதுவும் புதுக்கொப்பு.

நீலம் அல்லது ரோசாப் பந்து, உள்ளங்கையை மறைக்கும் தடித்த மினுக்க இலை, நுனியில் கொழுத்த பச்சை மொட்டு என்றால் மக்ரோஃபில்லா. நம்மவர்கள் எல்லோரும் ஆசைப்பட்டு வாங்குவதும், பூக்கவில்லை என்று அழுவதும் இதற்காகத்தான். பழங்கொப்பு. எண்ட்லெஸ் சமர் போன்ற வகைகள் இதே இனம்தான். ஆனால் பழங்கொப்பிலும் புதுக்கொப்பிலும் பூக்கும்.

இலை ஓக் மர இலைபோல வெட்டு வெட்டாக இருந்தால் குவர்சிஃபோலியா. சுவரில் ஒட்டிப் பிடித்து ஏறினால் அது கொடி ஹைட்ரேஞ்சியா. இரண்டும் பழங்கொப்பு.

இனம் தெரியவில்லையா? அந்த வருடம் வெட்டவேண்டாம். பூக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம். ஒரு வருடம் வெட்டாமல் விட்டு எந்த ஹைட்ரேஞ்சியாவும் செத்ததில்லை.

2. வாங்கமுன் வலயத்தையும் இடத்தையும் பாருங்கள்

கன்றின் அட்டையில் அது எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று காட்டும் வலய எண் ஒன்று இருக்கும். எண் குறையக் குறையக் குளிர் கூட. அது பெரும்பாலும் அமெரிக்க வலயம். அமெரிக்கக் கணக்கு வின்டரின் ஆகக் கடுமையான குளிரை மட்டும் பார்க்கும். கனடாக் கணக்கு பனியின் ஆழம், காற்று, மழை, உறைபனி இல்லாத நாட்கள் என்று பலதையும் சேர்த்துப் பார்க்கும். இரண்டு எண்ணும் ஒன்றல்ல. உங்கள் ஊர் 5 என்றால் 4 போட்ட கன்றை வாங்குவது பாதுகாப்பு.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அட்டையிலுள்ள எண் செடி உயிர் தப்புமா என்பதைத்தான் சொல்கிறது. மொட்டு தப்புமா என்று சொல்லவில்லை. மக்ரோஃபில்லாவின் வேர் தப்பி, மொட்டெல்லாம் செத்து, ஆண்டுதோறும் இலை மட்டும் செழிப்பாக வருவது இதனால்தான்.

அன்னையர் தினத்துக்குப் பல்பொருள் கடையில் மினுக்கத் தாள் சுற்றி விற்கும் சட்டி ஹைட்ரேஞ்சியாவை வளவுக்கென்று வாங்காதீர்கள். அவை கண்ணாடிக் கூடத்தில் பூக்கவைக்கப்பட்டவை. வெளிக்குளிருக்காகத் தேர்ந்த வகைகள் அல்ல. பரிசாக வந்தால் மேசையில் வைத்து ரசியுங்கள்.

முதல் கன்று வாங்குபவர் என்னிடம் கேட்டால் பனிக்குலேற்றாதான் சொல்வேன். நீலப் பூ இல்லை என்ற ஒரு குறையைத் தவிர, இந்த நாட்டுக்கு அது பொருந்துவதுபோல் வேறொன்றும் பொருந்தாது.

இடம்: காலை வெயில் 4 முதல் 6 மணி நேரம், பின்னேர நிழல். வீட்டின் கிழக்குப் பக்கம் நல்லது. பனிக்குலேற்றா நாள் முழுக்க வெயிலையும் தாங்கும். வடமேற்குக் காற்று நேரே அடிக்கும் மூலையில் மக்ரோஃபில்லாவை வைத்தால் மொட்டுக் காய்ந்துபோகும். பெரிய மேப்பிள் மரத்தடியும் வேண்டாம். அதன் வேர் மேலாகப் படர்ந்து தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிடும்.

அதிகம் பேர் பார்க்கத் தவறுவது டிரைவே ஓரம். கோடையில் அது அழகான இடமாகத் தெரியும். ஜனவரியில் நீங்கள் உப்புப் போட்டு வழிக்கும் பனி எங்கே போய்க் குவிகிறது என்று யோசித்துப் பாருங்கள். பாரத்தில் கொப்பு முறியும், உப்புக் கரைந்து வேரடிக்கு இறங்கும். கூரையிலிருந்து பனி சறுக்கி விழும் இடமும் அப்படித்தான்.

3. கையில் இருக்கவேண்டியவை

இரண்டு அலகும் ஒன்றையொன்று தாண்டிப் போகும் பைபாஸ் வகைக் கத்தரி. தட்டையான அலகில் நசுக்கி வெட்டும் வகை, தண்டைப் பிளந்து நோய்க்கு வழிவிடும். அலகு துடைக்கக் கொஞ்சம் ஸ்பிரிட். மண்வெட்டி, கொம்போஸ்ட், மரப்பட்டைத் தூள், கோழிக்கூட்டுக் கம்பிவலை, நாலு தடிகள். வின்டரில் செடியை மூடத் தேவைப்படும் உலர்ந்த இலைகளை விலை கொடுத்து வாங்கவேண்டாம். நவம்பரில் அயலவர்கள் மண்ணிறக் காகிதப் பைகளில் கட்டி வீதியோரம் வைப்பார்கள், கேட்டால் தருவார்கள்.

ஒன்ராறியோவில் இருப்பவர்கள் கிடங்கு வெட்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு அறிவித்து, நிலத்தடி எரிவாயு, மின்சாரக் குழாய்கள் எங்கே போகின்றன என்று குறித்துக்கொள்ளவேண்டும். இது சட்டம். கட்டணம் இல்லை. சில நாட்கள் எடுக்கும் என்பதால் கன்று வாங்கும் முன்னரே அறிவித்துவிடுங்கள்.

4. நடுதல்

காலம்: மே மாத விக்ரோறியா தின வார இறுதிக்குப் பிறகு ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டெம்பர். ஜூலை வெயிலில் நட்டால் காலையும் மாலையும் தண்ணீரோடு நிற்கவேண்டி வரும். செப்டெம்பர் தாண்டினால் நிலம் உறையமுன் வேர் பிடிக்க நேரம் போதாது.

கிடங்கின் அகலம் சட்டியைப்போல் இரண்டு மடங்கு. ஆழம் சட்டி அளவுதான். புதுக்குடியிருப்புகளில் புல்லைக் கிளப்பினால் நாலு அங்குல மண், அதன் கீழ் கல்லும் களியும். பலர் அந்தக் களியை எல்லாம் எடுத்தெறிந்துவிட்டு கடைப் பைமண்ணால் கிடங்கை நிரப்புகிறார்கள். அது களிமண்ணுக்குள் ஒரு கோப்பை வைத்ததுபோல. மழைத் தண்ணீர் அதற்குள் வந்து நிற்கும், போக வழியில்லை, வேர் அழுகும். எடுத்த மண்ணையே உடைத்து, மூன்றில் ஒரு பங்கு கொம்போஸ்ட் கலந்து திரும்பப் போடுங்கள். வேர் வெளிமண்ணுக்குள் தானாகவே போகும்.

சட்டியைக் கழற்றியதும் வேரைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றிக் கிடந்தால் பக்கவாட்டில் மூன்று நாலு இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கள். கீறாவிட்டால் அது சட்டிக்குள் இருப்பதுபோலவே சுற்றிக்கொண்டிருக்கும். பாதி மண் போட்டதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி இறங்கவிட்டு, பிறகு மீதியைப் போடுங்கள். மேலே இரண்டு மூன்று அங்குலம் மரப்பட்டைத் தூள். தண்டைச் சுற்றி ஒரு கையளவு விட்டுவிடவேண்டும். தண்டோடு ஒட்டினால் அந்த இடம் நனைந்து அழுகும்.

5. தண்ணீரும் பசளையும்

முதல் வருடம் கிழமைக்கு இரண்டு தடவை, வேரடி ஆழமாக நனையும்படி. பிறகு மழையும் சேர்த்துக் கிழமைக்கு ஓர் அங்குலம் போதும். இலையில் அல்ல, அடியில்.

பின்னேரம் இலை தொங்கினால் உடனே குழாயைத் திறக்கவேண்டாம். பெரிய இலை, வேர் கொடுப்பதைவிட வேகமாக வெயிலில் தண்ணீரை இழக்கிறது, அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் ஒன்றுமில்லை. காலையிலும் தொங்கினால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். தினமும் ஊற்றி வேரை அழுகவைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். அழுகிய வேர்ச் செடியும் அப்படியேதான் தொங்கும்.

பசளை ஏப்ரல் கடைசியில் அல்லது மேயில் ஒரு தடவை, மெதுவாகக் கரையும் வகை. ஜூலைக்குப் பிறகு வேண்டாம். பிந்திப் போட்டால் இளந்துளிர் வந்து, முற்றமுன்னர் குளிரில் கருகும். புல்லுக்குப் போடும் நைதரசன் பசளை பக்கத்தில் சிந்தினாலும் இலைதான் கொழுக்கும்.

நிறம் பற்றிக் கேட்காதவர் இல்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவில் நாம் பார்த்த அந்த நீலம் தேயிலை மண்ணின் புளிப்பால் வந்தது. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது, பூ நீலமாகிறது. தென் ஒன்ராறியோ மண்ணின் அடி பல இடங்களில் சுண்ணாம்புக்கல். அந்த மண்ணில் பூ ரோசாதான். அலுமினியம் சல்பேட்டை அட்டையிலுள்ள அளவில் வருடாவருடம் கொடுத்தால் ஓரளவு மாறும், அளவு மிஞ்சினால் வேர் கெடும். கோப்பித் தூள் சக்கை இதற்கு உதவாது. வடித்த சக்கையில் புளிப்பு அநேகமாகப் போய்விடுகிறது. வெள்ளைப் பூக்களை எதைப் போட்டாலும் நீலமாக்க முடியாது.

6. கவ்வாத்து

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்து என்றால் செடியைக் குட்டையாக வெட்டுவது. அந்தப் பழக்கத்தோடு இங்கே கை வைக்கக்கூடாது. மூன்று கூட்டமாகப் பிரித்துச் சொல்கிறேன்.

*பனிக்குலேற்றா.* மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை, மொட்டுகள் வீங்கத் தொடங்கும்போது. முதலில் செத்த கொப்பு, பிறகு ஒன்றோடொன்று உராயும் கொப்புகளில் மெலிந்தது, பிறகு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. இந்த ஒழுங்கு முக்கியம். உயரத்தை முதலில் குறைத்துவிட்டால், எடுக்கவேண்டிய கொப்பு எது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஒவ்வொரு வெட்டும் ஒரு சோடி மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே. நட்ட முதல் இரண்டு வருடம் செத்ததை மட்டும் எடுங்கள், சட்டகம் தடிக்கட்டும். உறைமழை அடிக்கடி பெய்யும் ஊரென்றால் காய்ந்த பூங்கூம்புகளை மட்டும் நவம்பரில் நறுக்கிவிடலாம். அதில் ஐஸ் பிடித்தால் பாரத்தில் கொப்பே கிழியும்.

*அனபெல் போன்றவை.* இதுவும் மார்ச், ஏப்ரல். நிலத்தோடு வெட்டினாலும் பூக்கும் என்பது உண்மை. ஆனால் அப்படி வெட்டினால் தண்டுகள் ஒல்லியாக வந்து, தலையளவு பூவைச் சுமக்க முடியாமல் முதல் பெரிய மழையிலேயே நிலத்தில் விழுந்து கிடக்கும். ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். பழைய தண்டு புதுத்தண்டுக்கு முண்டு கொடுக்கும்.

*மக்ரோஃபில்லா.* இங்கேதான் பொறுமை வேண்டும். ஏப்ரலில் அது வெறும் சுள்ளிக் கட்டாக நிற்கும். அயலில் எல்லாம் பச்சை பிடித்திருக்கும், பார்க்கும்போது கை துறுதுறுக்கும். மே நடு வரை தொடாதீர்கள்.

பிறகு செடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு தண்டைக் கையில் எடுங்கள். சாம்பல் நிறத் தோல். நுனிக்குக் கொஞ்சம் கீழே பெருவிரல் நகத்தால் மெல்லக் கீறுங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர். மண்ணிறமாக, வறண்டு, தோல் சில்லுச் சில்லாகக் கழன்றால் அந்த இடம் செத்துவிட்டது. இரண்டு விரற்கடை கீழே இறங்கித் திரும்பக் கீறுங்கள். மொட்டுகள் சோடி சோடியாக எதிரெதிரே இருக்கும். செத்தது கறுத்து, தொட்டால் உதிரும். உயிருள்ளது நெல்மணிபோல் திரண்டு, பச்சையோ செம்மையோ காட்டும். ஆக மேலே உயிரோடிருக்கும் சோடியைக் கண்டுபிடித்து அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். அடுத்த தண்டு. ஒரு செடிக்கு அரை மணி நேரம் போகும், போகட்டும். ஒவ்வொரு தண்டும் ஒவ்வோர் உயரத்தில் செத்திருக்கும். மட்டமாக வெட்டவேண்டும் என்று நினைத்தால் உயிருள்ள மொட்டையும் சேர்த்து வெட்டுவீர்கள். பூ அநேகமாக நுனி மொட்டில்தான் இருக்கும். நுனி பிழைத்த தண்டில் கத்தரி படவே கூடாது.

மே முடிந்தும் துளிர்க்காத தண்டை அடியோடு எடுக்கலாம். செடிக்கு மூன்று நாலு வயது தாண்டி, நடுவில் அடர்ந்திருந்தால் ஆகப் பழைய தண்டுகளில் ஒன்றிரண்டையும் எடுத்துவிடுங்கள். மற்ற எதையும் வெட்ட நினைத்தால் பூத்த கையோடு, ஜூலைக்குள் முடித்துவிடவேண்டும். ஓகஸ்டில் அடுத்த வருட மொட்டுக் கட்டத் தொடங்கிவிடும். வாடிய பூவை எடுப்பதென்றால் பூவுக்குக் கீழுள்ள முதல் சோடி இலைக்கு மேலே நறுக்குங்கள். ஓகஸ்டுக்குப் பிறகு வாடிய பூவையும் விட்டுவிடுங்கள். காய்ந்த தலை கீழுள்ள மொட்டுக்குக் கொஞ்சம் மறைப்பு.

எண்ட்லெஸ் சமர் வகைக்கும் இதே முறைதான். இரண்டிலும் பூக்குமே என்று நிலத்தோடு வெட்டினால் ஜூன் பூ போய்விடும். புதுக்கொப்புப் பூ வர ஓகஸ்ட் ஆகும். ஓக் இலைக்கும் கொடிக்கும் செத்ததை எடுப்பதோடு நிறுத்துங்கள்.

7. வின்டர் ஆயத்தம்

பனிக்குலேற்றாவும் அனபெல்லும் தாமாகவே சமாளிக்கும். இளங்கன்றைச் சுற்றி முயலுக்குக் கம்பிவலை மட்டும் போடுங்கள். பெப்ரவரிப் பசியில் முயல் தண்டைக் கத்தியால் அரிந்ததுபோல் சாய்வாகக் கடித்துவிட்டுப் போகும்.

மக்ரோஃபில்லாவுக்கு வேலை இருக்கிறது. ஒக்ரோபர் முழுவதும், நிலம் உறையும்வரை, மழை இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த வேரோடு குளிருக்குள் போகும் செடிதான் முதலில் சாகும். நவம்பர் கடைசியில், இரண்டு மூன்று கடும் உறைபனி விழுந்தபின், நாலு தடி ஊன்றிச் சுற்றி வலை கட்டி, உள்ளே உலர்ந்த இலையை நுனி மொட்டு மூடும்வரை நிரப்புங்கள். பாதித் தண்டு வெளியே தெரிந்தால் பட்ட பாடு வீண். காப்பாற்ற வேண்டியதே நுனியைத்தான். மேப்பிள் இலை நனைந்தால் பாயாகப் படிந்துவிடும். ஓக் இலை கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் வைக்கோல் கலந்துகொள்ளுங்கள். இலை வருடாவருடம் அமுங்கும் என்பதால் டிசம்பரில் ஒரு தடவை பார்த்து மேலே நிரப்பவேண்டும்.

பிளாஸ்டிக்கால் சுற்றாதீர்கள். பெப்ரவரி வெயிலில் உள்ளே சூடேறி மொட்டு விழித்துக்கொள்ளும், இரவுக் குளிர் அதைக் கொன்றுவிடும். அவசரப்பட்டு ஒக்ரோபரிலேயே மூடுவதும் கெடுதல். செடி குளிருக்குப் பழகாது, உள்ளே எலியும் குடிபுகும்.

சட்டியில் இருந்தால் வெளியே விடவேண்டாம். நிலத்துக்குள் இருக்கும் பாதுகாப்பு சட்டி வேருக்கு இல்லை. இலை உதிர்ந்தபின் சூடாக்காத கராஜுக்குள் வையுங்கள், மாதம் ஒரு தடவை ஒரு கோப்பை தண்ணீர். வெளிச்சம் தேவையில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்தால் உறங்கவேண்டிய செடி உறங்காமல் நலிந்துபோகும்.

8. வசந்தத்தில் திறப்பது

ஏப்ரல் நடுவில் ஒரே நாளில் எல்லா இலையையும் அள்ளிவிடாதீர்கள். மேலே கொஞ்சம், பத்து நாள் கழித்து இன்னும் கொஞ்சம். மூடிக் கிடந்த மொட்டு இளகி இருக்கும். திடீரென்று வெயிலும் காற்றும் பட்டால் கருகும். முகிலில்லாத நாளாகப் பார்க்காமல், மந்தாரமான நாளாகப் பார்த்துத் திறப்பது நல்லது.

ரொறன்ரோப் பக்கத்தில் மே நடு வரை உறைபனி வரலாம். வின்டர் முழுவதும் தப்பிய மொட்டை மே மாதத்து ஒரே இரவு கொன்றதை நான் என் வளவிலேயே பார்த்திருக்கிறேன். அதன்பிறகு கதவடியில் ஒரு பழைய சாரம் எப்போதும் மடித்து வைத்திருப்பேன். இரவு வெப்பநிலை 2 பாகைக்குக் கீழே போகும் என்று சொன்னால், பொழுதுபடமுன் செடிமேல் விரித்து, நிலத்தில் படும்வரை இழுத்துக் கல் வைப்பேன். நிலத்துச் சூடு உள்ளே நிற்கும். காலை வெயில் வந்ததும் எடுத்துவிடவேண்டும்.

9. அப்படியும் பூக்கவில்லை என்றால்

இந்த ஒழுங்கில் பாருங்கள். பழங்கொப்பில் பூப்பதை ஓகஸ்டுக்குப் பிறகோ வசந்தத்தின் தொடக்கத்திலோ வெட்டினீர்களா? தண்டுகள் அடியிலிருந்துதான் துளிர்க்கின்றனவா, அதாவது மேல் மொட்டுகள் செத்துவிட்டனவா? முயல் கடித்திருக்கிறதா? 4 மணி நேர வெயிலாவது விழுகிறதா? பக்கத்துப் புல்லுக்குப் பசளை தூவினீர்களா? கன்று நட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டதா? கொடி ஹைட்ரேஞ்சியாவென்றால் நாலைந்து வருடம்கூடப் பொறுக்கவேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் மூன்று வருடம் தொடர்ந்து இலை மட்டும்தான் என்றால் அந்த இடத்தின் குளிர் அந்த மொட்டுக்குத் தாங்காது. செப்டெம்பரில் வேரோடு பெயர்த்து வீட்டுச் சுவரோரம், காற்று மறைவாக மாற்றி நடுங்கள். காலியான இடத்தில் ஒரு லைம்லைட் வைத்துவிடுங்கள். வளர்ந்தால் ஆறேழு அடி வரும், அதனால் வேலியிலிருந்து நாலடி தள்ளி.